ஆங்கில ஆய்வெழுத்தில் இலத்தீன் சுருக்கக்குறியீடுகள்: பொருளும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில ஆய்வெழுத்தில் வழங்கும் இலத்தீன் சுருக்கக்குறியீடுகள் பெரும்பாலும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, சாய்வெழுத்து ஆகியன பற்றிய சிக்கலாகவே கற்பிக்கப்படுகின்றன. இக்குறியீடுகள் ஒவ்வொன்றும் ஆய்வாளர் தம் கூற்றுக்கும் சான்றுக்கும் இடையே நிறுவும் உறவை அறிவிக்கின்றன என்பதையும், அவற்றைப் பிறழப் பயன்படுத்துவது கூற்றின் பொருளையே மாற்றிவிடும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தருக்கம், சான்று, ஆசிரியர் உரிமை ஆகிய மூன்று நிலைகளில் குறியீடுகளின் செயற்பாடு ஆராயப்படுகிறது. நடைக் கையேடுகள் அண்மைக்காலத்தில் மேற்கொண்ட மாற்றங்களும் அவ்வடிப்படையில் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

இலத்தீன் சுருக்கக்குறியீடு, அடிக்குறிப்பு, மேற்கோள் நெறி, நடைக் கையேடு, இணையாசிரியர் உரிமை.

முன்னுரை

தமிழ்த்துறை, மொழியியல் துறை, வரலாற்றுத் துறை ஆகியவற்றில் பயிலும் ஆய்வாளர்கள் இன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டிய நிலையில் உள்ளனர். ஆங்கிலக் கட்டுரையின் உள்ளடக்கத்தில் செலுத்தும் கவனத்தை அவர்கள் அதன் சிறு குறியீடுகளில் செலுத்துவதில்லை. முன்னர் வெளிவந்த கட்டுரைகளில் கண்டவற்றை அப்படியே எடுத்தாளும் போக்கே மிகுதி. ‘ஐ.இ.’, ‘இ.ஜி.’, ‘சிஎஃப்.’, ‘எட் ஆல்.’, ‘இபிட்.’ போன்றவை இவ்வாறு பொருள் அறியப்படாமலே கட்டுரைக்குக் கட்டுரை கைமாறுகின்றன.

இதனைக் களைய எழுதப்படும் வழிகாட்டிகள் பெரும்பாலும் புறவடிவத்தோடு நின்றுவிடுகின்றன. எங்குப் புள்ளி இடுவது, எங்குக் காற்புள்ளி இடுவது என்பனவற்றை அவை பட்டியலிடுகின்றன. அப்பட்டியல்கள் பயனுடையனவே. ஆயினும், ஒரு புள்ளி விடுபடுவதும், ஒரு குறியீட்டிற்குப் பதில் மற்றொரு குறியீடு இடம்பெறுவதும் ஒரே தரத்துப் பிழைகள் என்ற எண்ணத்தை அவை ஏற்படுத்திவிடுகின்றன. முன்னது வடிவப்பிழை, பின்னது பொருட்பிழை. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது.

இலத்தீன் எச்சம்

ஐரோப்பியப் புலமையுலகில் இலத்தீன் நெடுங்காலம் பொதுமொழியாக விளங்கியது. நியூட்டன் தம் ‘பிரின்சிப்பியா’ நூலை 1687இல் இலத்தீனில் வெளியிட்டார். ஒளியியல் பற்றிய நூலை 1704இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒருவரது வாழ்நாளுக்குள்ளேயே நிகழ்ந்த இம்மொழிமாற்றம் ஒரு பெரும் மாற்றத்தின் பகுதியாகும். நூலின் மொழி மாறிய பின்னரும் நூலைச் சுற்றி அமையும் குறிப்புகளின் மொழி மாறவில்லை. சான்று காட்டுதல், ஒப்பிடுதல், முன்னிடத்தைச் சுட்டுதல் ஆகிய பணிகளுக்கு உருவான இலத்தீன் தொடர்கள் சுருங்கிய வடிவில் ஆங்கிலத்திலும் தொடர்ந்தன.

சுருக்கும் முறையும் பழமையானதே. கையெழுத்துப்படிகளை எழுதியோர் இடத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தச் சொற்களைக் குறுக்கினர். ‘விஸ்.’ என்னும் குறியீடு இதற்குச் சான்றாகும். ‘விடெலிகெட்’ என்பதன் சுருக்கமான இதில் இறுதியில் நிற்கும் எழுத்து மூலச்சொல்லில் இல்லாதது. சொல்லின் இறுதிப் பகுதி குறுக்கப்பட்டமையைக் காட்ட எழுத்தர் இட்ட குறி, அச்சில் ஆங்கில நெடுங்கணக்கின் இறுதி எழுத்தாக வடிவுகொண்டது. ஆக, இக்குறியீடுகள் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தது இடச்சிக்கனம். அவை நிலைத்தமைக்குக் காரணம் புலமை மரபு. இன்றைய மின்னிதழ்ச் சூழலில் முதற்காரணம் வலுவிழந்துவிட்டது. எனவே, இரண்டாவது காரணம் மட்டும் போதுமா என்னும் வினா எழுகிறது.

வரையறையும் எடுத்துக்காட்டும்

‘ஐ.இ.’ என்பது ‘இட் எஸ்ட்’ என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம். ‘அதாவது’ என்பது பொருள். ‘இ.ஜி.’ என்பது ‘எக்செம்ப்ளி கிராட்டியா’ என்பதன் சுருக்கம். ‘எடுத்துக்காட்டின் பொருட்டு’ என்பது பொருள். முன்னது சொன்னதையே வேறு சொற்களால் முழுமையாகக் கூறும். பின்னது சொன்னதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும். இரண்டும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வரும்போது ஆய்வின் எல்லையே மாறிவிடுகிறது.

திராவிட மொழிகள் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையில் ‘திராவிட மொழிகள்’ என்னும் தொடரை அடுத்து ‘இ.ஜி.’ எனக் குறித்துத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கையும் ஆசிரியர் பட்டியலிடுவதாகக் கொள்ளலாம். இக்கூற்றில் பிழையில்லை. ‘இ.ஜி.’ நின்ற இடத்தில் ‘ஐ.இ.’ நிற்குமாயின், திராவிட மொழிக்குடும்பம் அந்நான்கு மொழிகளால் மட்டுமே ஆனது என்று அக்கட்டுரை அறிவிப்பதாகிவிடும். துளு, கோண்டி, குடுக், மால்தோ, பிராகுயி முதலிய மொழிகள் குடும்பத்திற்கு வெளியே தள்ளப்படுகின்றன. ஆசிரியருக்கு அத்தகைய கருத்து இல்லாதிருக்கலாம். ஆனால் எழுத்தில் நிற்பது அக்கருத்தே. மதிப்பீட்டாளர் இதைத் தட்டச்சுப்பிழை என்று கொள்ள வாய்ப்பில்லை. துறையறிவின் குறைபாடு என்றே கொள்வார்.

ஆய்வுத்தரவுகளை வரையறுக்கும் இடத்தில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல்கள் எவை என்பதைக் கூறும் தொடரில் ‘இ.ஜி.’ வந்தால் தரவு முழுமையாகச் சொல்லப்படவில்லை என்று பொருள்படும். ‘ஐ.இ.’ வந்தால் பட்டியல் முடிந்துவிட்டது என்று பொருள்படும். பின்வரும் ஆய்வாளர் அதே ஆய்வை மீளச் செய்து பார்க்க விழையும்போது இவ்வோரெழுத்து வேறுபாடு அவரது தரவுத் தொகுப்பையே மாற்றிவிடும்.

‘இ.ஜி.’ தொடங்கிய பட்டியலை ‘எட்செட்ரா’ கொண்டு முடிப்பதும் பரவலாகக் காணப்படும் குறையாகும். எடுத்துக்காட்டு என்று கூறியபோதே பட்டியல் முழுமையற்றது என்பது பெறப்பட்டுவிடுகிறது. ‘எட்’ என்பதற்கு ‘உம்’ என்னும் பொருள் இருத்தலால் ‘எட்செட்ரா’வுக்கு முன் ஆங்கில இணைப்புச்சொல்லைச் சேர்ப்பது கூறியது கூறலாகும். ‘விஸ்.’ இவற்றினின்று வேறுபட்டது. முன்னர்த் தொகையாகச் சொல்லப்பட்டவற்றைப் பெயர் சுட்டி விரிக்கும் இடத்திற்கு அது உரியது. தமிழில் ‘அவையாவன’ என்னும் தொடர் ஆற்றும் பணியை அது ஆற்றுகிறது.

சான்றுடன் கொள்ளும் உறவு

‘சிஎஃப்.’ என்னும் குறியீடே மிகுதியாகப் பிறழ வழங்கப்படுகிறது எனலாம். ‘கொன்ஃபெர்’ என்னும் இலத்தீன் ஏவல் வினையின் சுருக்கம் இது. ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும். பல கட்டுரைகளில் இது ‘காண்க’ என்னும் பொருளில் கையாளப்படுகிறது. தம் கூற்றை ஆதரிக்கும் நூலைக் காட்ட ‘சிஎஃப்.’ இடும் ஆய்வாளர், அந்நூல் தம் கூற்றினின்று வேறுபடுகிறது என்னும் எதிர்பார்ப்பை வாசகரிடம் எழுப்பிவிடுகிறார். சிகாகோ நடைக் கையேடு ‘ஒப்பிடுக’, ‘காண்க’ ஆகிய இரண்டையும் வேறுபடுத்துகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைநெறி மாறுபட்ட கருத்தைக் காட்டும் இடத்திற்கே ‘சிஎஃப்.’ உரியது என்கிறது.

துறைதோறும் இக்குறியீட்டின் பொருள் சற்று மாறுவதையும் கருத வேண்டும். அமெரிக்கச் சட்டத்துறையினர் பின்பற்றும் ‘புளூபுக்’ நெறியில் இது, கூற்றினின்று வேறுபட்ட ஒன்றைச் சொன்னாலும் ஒப்புமையால் அக்கூற்றுக்கு வலுச் சேர்க்கும் சான்றைக் குறிக்கும். சொற்பிறப்பியலில் இனச்சொற்களை அருகருகே வைத்துப் பார்க்குமாறு கூறும். உயிரியல் வகைப்பாட்டில் பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் இடையே நின்று, இனங்காணல் உறுதிப்படவில்லை என்பதை அறிவிக்கும். இவை அனைத்திலும் ‘இரண்டையும் அருகில் வைத்து நோக்குக’ என்னும் மூலப்பொருள் நிலைபெற்றுள்ளது. ‘இந்நூல் என் கருத்தை மெய்ப்பிக்கிறது’ என்னும் பொருள் எத்துறையிலும் அதற்கு இல்லை.

‘சிக்’ என்பது சுருக்கக்குறியீடன்று. ‘இவ்வாறே’ என்று பொருள்படும் முழுச்சொல். ஆதலால் அதற்குப் புள்ளி வேண்டா. மேற்கோளில் உள்ள பிழை மூலத்திற்குரியது, எடுத்தாள்பவருக்குரியதன்று என்பதை அது உறுதிப்படுத்துகிறது. இவ்வுறுதிமொழியைத் தரும் ஆய்வாளர் மூலத்தை நேரில் பார்த்திருத்தல் இன்றியமையாதது. மற்றொருவர் எடுத்தாண்ட மேற்கோளிலிருந்து பெயர்த்தெழுதிவிட்டுச் ‘சிக்’ இடுவது, இடைநின்றவரின் பிழையை மூல ஆசிரியர் மீது ஏற்றுவதாக முடியலாம். முற்காலத்து எழுத்துக்கூட்டலைப் பிழையாகக் கருதிச் ‘சிக்’ இடுவதும், எதிர்க்கருத்தினரின் நடையை எள்ளும் நோக்கில் அதை மிகுதியாக இடுவதும் அதன் பணிக்குப் புறம்பானவை. வட்டார வழக்கிலோ வேற்றுமொழியினரின் ஆங்கிலத்திலோ அமைந்த வாய்மொழித் தரவுகளில் தொடர்தோறும் ‘சிக்’ இடுவது, தரவு தந்தவரைத் தாழ்த்துவதாகவே அமையும். பதிப்புநெறியை முன்னுரையில் ஒருமுறை அறிவித்துவிடுதல் இவற்றைத் தவிர்க்கும்.

இடஞ்சுட்டும் குறியீடுகள்

‘இபிட்.’ என்பது ‘இபிடெம்’ என்பதன் சுருக்கம். ‘அவ்விடத்திலேயே’ என்பது பொருள். ‘ஆப். சிட்.’ என்பது ‘முன்னர்ச் சுட்டிய நூலில்’ என்றும், ‘லாக். சிட்.’ என்பது ‘முன்னர்ச் சுட்டிய இடத்தில்’ என்றும் பொருள்படும். இவை தம்மளவில் எந்தச் செய்தியையும் தருவதில்லை. முன்னுள்ள குறிப்பைச் சார்ந்தே பொருள் தருகின்றன. அச்சு நிறைவுற்ற நூலில் குறிப்புகளின் வரிசை மாறாது. எனவே அங்கு இச்சார்பு இடரற்றது. கணினியில் உருவாகும் வரைவில் வரிசை நிலையானதன்று. நெறியாளரின் அறிவுரைப்படி 14ஆம் குறிப்புக்கும் 15ஆம் குறிப்புக்கும் இடையே ஒரு புதிய குறிப்பைச் செருகினால், கையால் தட்டச்சிட்ட ‘இபிட்.’ தான் சுட்டிய நூலை விட்டுப் புதிய நூலைச் சுட்டத் தொடங்கும். கணினி இதைப் பிழையாகக் காட்டாது. படிப்பவரும் மூலநூலைத் தேடிச் செல்லும்வரை அறியமாட்டார். ஒருவரின் கருத்து மற்றொருவர் பெயரில் நின்றுவிடும். ஆய்வேட்டின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் இப்பிழை, நேர்மையுள்ள ஆய்வாளருக்கும் நேரக்கூடியது என்பதே இதன் கடுமை.

முன்குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் இருப்பின் ‘இபிட்.’ எதனைச் சுட்டுகிறது என்பது தெளிவாகாது. ஓர் ஆசிரியரின் இரு நூல்கள் முன்னர் எடுத்தாளப்பட்டிருப்பின் ‘ஆப். சிட்.’ எந்நூலைக் குறிக்கிறது என்பதும் தெளிவாகாது. நூறு பக்கங்களுக்கு முன்னர் வந்த முதற்குறிப்பை வாசகர் தேடிச்செல்ல நேர்கிறது. மின்னூலில் குறிப்பெண்ணை அழுத்தினால் அந்த ஒரு குறிப்பு மட்டுமே திரையில் தோன்றும் அமைப்பும் உண்டு. அங்கு ‘இபிட்.’ என்னும் ஒரு சொல் மட்டும் தோன்றுவதால் பயனேதுமில்லை.

சிகாகோ நடைக் கையேட்டின் 17ஆம் பதிப்பு (2017) ‘இபிட்.’ வழக்கை ஊக்குவிக்காமல், ஆசிரியர் பெயரும் சுருங்கிய நூற்பெயரும் பக்க எண்ணும் கொண்ட குறுங்குறிப்பைப் பரிந்துரைத்தது இப்பின்னணியிலேயே ஆகும். அமெரிக்க நவீன மொழிகள் சங்கத்தின் கையேடு 1984ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே அடிக்குறிப்பை விடுத்து, ஆசிரியர் பெயரையும் பக்க எண்ணையும் தொடருக்குள் அடைப்புக்குறியில் தரும் முறைக்கு மாறிவிட்டது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஆஸ்கோலா’ சட்ட மேற்கோள் நெறி, 2012இல் வந்த நான்காம் பதிப்பில், ‘இபிட்.’ ஒன்றை ஏற்று ‘ஆப். சிட்.’, ‘லாக். சிட்.’ போன்றவற்றைத் தவிர்க்குமாறு கூறியது.

மறைக்கப்படும் பெயர்கள்

‘எட் ஆல்.’ என்பது ‘மற்றும் பிறர்’ எனப் பொருள்படும். ‘எட்’ முழுச்சொல்லாதலின் அதன்பின் புள்ளி இல்லை. ‘ஆல்.’ என்பது ஆண்பாலில் ‘அலியி’, பெண்பாலில் ‘அலியே’, அஃறிணையில் ‘அலியா’ என வரும் சொல்லின் சுருக்கம் ஆதலின் புள்ளி பெறும். சுருக்கிய வடிவம் மூன்று பாலுக்கும் பொதுவாகிறது. பன்மையைக் குறிப்பதால் இதனை அடுத்துவரும் ஆங்கில வினைமுற்றும் பன்மையாதல் வேண்டும். முதலாசிரியர் ஒருவர் பெயரே கண்ணுக்குத் தெரிவதால் ஒருமை வினை இடும் பிழை நேர்கிறது. பலருடைய உழைப்பு ஒருவர் பெயரில் ஒடுங்குவதன் இலக்கண அடையாளமாகவே அப்பிழையைக் கருதலாம்.

இவ்வொடுக்கம் இலக்கணத்தோடு நிற்பதில்லை. பொருளியல் துறையில் இணையாசிரியர் பெயர்களை அகரவரிசையில் அமைப்பது மரபு. லீரான் ஐனாவ், லீயாத் யாரிவ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளில் குடும்பப்பெயரின் முதலெழுத்து அகரவரிசையில் முற்பட்டு வருவோர் நிலையான பணியுரிமை பெறும் வாய்ப்பு மிகுந்திருப்பதைக் காட்டியது. அகரவரிசை மரபு இல்லாத உளவியல் துறையில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. சமமாக உழைத்த மூவருள் ஒருவர் பெயர் மட்டும் மீண்டும் மீண்டும் கண்ணில் படும்போது புகழும் அவருக்கே சேர்கிறது. இதற்கு மாற்றாக, ஆசிரியர் வரிசையைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, அதை ஒரு தனிக்குறியால் அறிவிக்கலாம் எனத் தேப்ராஜ் ரே, ஆர்தர் ராப்சன் ஆகியோர் 2018இல் முன்மொழிந்தனர்.

மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஹிக்ஸ் துகளின் நிறையை அளவிட்டு 2015இல் வெளிவந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களுள் 24 பக்கங்கள் ஆசிரியர்களையும் அவர்களது நிறுவனங்களையும் பட்டியலிடுவதற்கே தேவைப்பட்டன. இத்தகைய இடங்களில் ‘எட் ஆல்.’ இன்றி எழுத இயலாது. எனவே சிக்கல் குறியீட்டின் இருப்பில் இல்லை. அது எந்த எண்ணிக்கையில் தொடங்க வேண்டும் என்பதில் உள்ளது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு ஆறாம் பதிப்பில், மூவர் முதல் ஐவர் வரை எழுதிய நூலை முதன்முறை சுட்டும்போது அனைவர் பெயரையும் தரச் செய்தது. ஏழாம் பதிப்பு (2019) மூவர் என்றாலே முதல் சுட்டிலிருந்து ‘எட் ஆல்.’ போதும் என்றது. மூவர் எழுதிய கட்டுரையில் இரு பெயர்களை நீக்கி மிச்சப்படுத்தும் இடம் சிறிது; அவ்விருவர் இழப்பது பெரிது.

தமிழ்ப் பெயர்களைப் பொறுத்து இது மற்றொரு வடிவம் கொள்கிறது. குடும்பப்பெயர் இல்லாத தமிழ் ஆய்வாளர், இதழின் படிவத்தில் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ அவ்விடத்தில் நிரப்புகிறார். அவர் முதலாசிரியராயின், கட்டுரை எடுத்தாளப்படும் இடமெல்லாம் தந்தையின் அல்லது கணவரின் பெயரும் ‘எட் ஆல்.’ என்பதும் மட்டுமே நிற்கும். ஆய்வு செய்தவர் பெயர் அங்கு இராது. ஆய்வுவாழ்வின் தொடக்கத்திலேயே தம் பெயர் வடிவத்தை முடிவுசெய்து ஒரே சீராகப் பின்பற்றுதல் இதற்குத் தீர்வாகும்.

நடைக் கையேடுகளின் தீர்வுகள்: மதிப்பீடு

நடைக் கையேடுகள் மேற்கொண்ட தீர்வுகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, இடவரையறை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் கையேடு ‘ஐ.இ.’, ‘இ.ஜி.’, ‘சிஎஃப்.’ முதலியவற்றை அடைப்புக்குறிக்குள் மட்டும் ஏற்கிறது; தொடரின் ஓட்டத்தில் அவற்றுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களை எழுதச் சொல்கிறது. ‘எட் ஆல்.’ இதற்கு விலக்கு. குறியீட்டை ஆங்கிலச் சொல்லாக விரிக்கும் கட்டாயம் ஏற்படும்போது ஆய்வாளர் அதன் பொருளை எண்ணிப் பார்க்க நேர்கிறது. இவ்வகையில் இவ்விதி பொருட்பிழையைத் தடுக்க உதவும் நல்ல விதியாகும்.

இரண்டாவது, கைவிடல். இடஞ்சுட்டும் குறியீடுகளைப் பொறுத்தவரை இது ஏற்கத்தக்கதே. ஆய்வெழுத்துக்கு வெளியிலும் இப்போக்கு உண்டு. பிரித்தானிய அரசின் இணையத்தளம் இலத்தீன் சுருக்கங்களைத் தவிர்க்கும் முடிவை 2016இல் அறிவித்தபோது, பார்வைக் குறைபாடுடையோர் பயன்படுத்தும் ஒலிவாசிப்பு மென்பொருள்கள் அவற்றைப் பிழைபட வாசிப்பதையும் ஒரு காரணமாகக் கூறியது. மின்னிதழ்களைச் செவிவழிப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் இக்காரணம் பொருந்தும்.

மூன்றாவது, விரிவாக்கம். ‘எட் ஆல்.’ தொடங்கும் எண்ணிக்கையைக் குறைத்து அதன் ஆட்சியை விரித்தமை இவ்வகையது. ஏனையவற்றில் வாசகரின் தெளிவை முதன்மைப்படுத்திய கையேடு இங்கு இடச்சிக்கனத்திற்கு முதன்மை தருவது முரணாகும். அதே பதிப்பு துணைநூற்பட்டியலில் இருபது ஆசிரியர் வரை முழுமையாகத் தரச் செய்தமை இம்முரணை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆயினும் துணைநூற்பட்டியலைப் படிப்போரினும் தொடரைப் படிப்போர் மிகுதி என்பதை மறுக்க இயலாது.

தமிழ் ஆய்வெழுத்து நோக்கில்

தமிழ் ஆய்வேடுகளில் ‘இபிட்.’ ஆற்றும் பணியை ‘மேலது’ ஆற்றுகிறது. சொல் தமிழாயினும் சார்புநிலை அதுவே; எனவே மேலே கூறிய செருகற்பிழை இதற்கும் உண்டு. சிகாகோ நெறியின் குறுங்குறிப்பு முறையைத் தமிழ் ஆய்வேடுகளும் கருதிப் பார்க்கலாம். சான்றுறவைப் பொறுத்தவரை தமிழிடம் தெளிவான வழக்கு முன்னரே உள்ளது. பாவாணர் தம் நூல்களில் எடுத்துக்காட்டுக்கு ‘எ-டு’ என்றும் ஒப்புநோக்குக என்பதற்கு ‘ஒ.நோ.’ என்றும் தனித்தனிக் குறியீடுகளைக் கையாண்டார். ‘காண்க’, ‘ஒப்புநோக்குக’ என்பவற்றைத் தமிழில் மயங்காமல் எழுதும் ஆய்வாளர் ஆங்கிலத்தில் ‘சிஎஃப்.’ இட்டு மயங்குவதற்குக் காரணம் அறியாமையன்று. குறியீட்டைச் சொல்லாகக் கருதாமையே. எழுதுமுன் குறியீட்டைத் தமிழில் விரித்துப் பார்த்தால் மயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

முடிவுரை

இலத்தீன் சுருக்கக்குறியீடுகளின் பிழைகளை வடிவப்பிழை, பொருட்பிழை என வகுத்துக் காண்பது பயிற்றுவோருக்கும் மதிப்பிடுவோருக்கும் பயன்தரும். புள்ளியும் காற்புள்ளியும் இதழுக்கு இதழ் மாறும். அமெரிக்க நடையில் ‘இ.ஜி.’க்குப் பின் இடும் காற்புள்ளியைப் பிரித்தானிய வழக்கு பெரும்பாலும் இடுவதில்லை. இவற்றைப் பதிப்பாசிரியர் திருத்திவிடலாம். ‘இ.ஜி.’ நிற்க வேண்டிய இடத்தில் ‘ஐ.இ.’ நிற்பதையும், இடம்பெயர்ந்த ‘இபிட்.’ தவறான நூலைச் சுட்டுவதையும் அவரால் திருத்த இயலாது. தரவின் எல்லையையும் சான்றின் மூலத்தையும் அறிந்தவர் ஆய்வாளர் ஒருவரே. எனவே ஆய்வேட்டை ஒப்படைக்குமுன், ‘இபிட்.’ அல்லது ‘மேலது’ நிற்கும் ஒவ்வொரு குறிப்பையும் மூலநூலோடு ஒருமுறை ஒத்துப்பார்ப்பது ஆய்வாளர் தாமே செய்து முடிக்க வேண்டிய பணியாகும்.